பதினெட்டு மாத்திரை, மூன்று பங்கு

எங்கள் அம்மா ஒரு டாக்டரை எதிர்த்துப் பேசித் தோற்ற கதை இது. தோற்றாள் என்று வேறு யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். தோற்றாள்தான், ஆனால் பாதிதான்.

பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரை விட்டுப் போய் இரண்டு வருஷம் இருக்கும். உப்பளத்துக்குக் கிழக்கே, கடலோரத்தில் எங்கள் வீடு. ஒன்பது வயதில் எனக்கு டைபாய்டு வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். ஐந்து நாளில் காய்ச்சல் இறங்கியது. கட்டிலுக்கு அடுத்த ஆள் காத்திருந்ததால், ஒரு பொட்டலத்தில் பதினெட்டு கேப்சூல் மாத்திரைகளைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"ஒண்ணு விடாம இவளே முழுங்கணும். காய்ச்சல் இல்லியேன்னு பாதியில நிறுத்திடாத" என்றார் டாக்டர். அம்மா பலமாகத் தலையாட்டினாள். அவள் அப்படி ஆட்டினால் காதில் ஒன்றும் ஏறவில்லை என்று அர்த்தம். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இந்த விஷயம் டாக்டருக்குத் தெரியாது.

அப்பாவின் கட்டுமரத்தில் மூன்று பேர் போவார்கள்: அப்பா, சித்தப்பா, பக்கத்து வீட்டு மாமா. கூடை நிறைய வந்தாலும் நாலே மீன் வந்தாலும் மணலில் மூன்று பங்குதான். நோய் வந்து ஒருவர் கடலுக்குப் போகாவிட்டாலும் அவர் பங்கு அவர் வீட்டுக்குப் போய்விடும். அதற்கு யாரும் நன்றி சொல்லிக் கேட்டதில்லை.

நான் வீடு திரும்பியபோது மாமாவின் மகன் அனலாகக் கொதித்துக் கிடந்தான். சித்தப்பாவின் மகளும் சளியும் காய்ச்சலுமாகச் சுருண்டிருந்தாள். அம்மா யாரையும் கேட்கவில்லை. முறத்தை எடுத்துப் போட்டு மாத்திரைகளை மூன்று குவியலாக வைத்தாள். ஆறு, ஆறு, ஆறு. கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். மாமாவின் மனைவி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

என் ஆறு மாத்திரையும் தீர்ந்து பத்து நாளில் காய்ச்சல் திரும்பி வந்தது, முன்னைவிட மோசமாக. மாமாவின் மகனுக்கோ இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. சித்தப்பாவின் மகளுக்கு மறுபடி சளியும் லேசான சூடும். அம்மா என்னைத் தோளில் போட்டுக்கொண்டாள், மற்ற இரண்டு தாய்மார்களையும் பிள்ளைகளோடு கிளப்பினாள், ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

முறத்தின் கதையைக் கேட்டதும் டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது.

"உம் பொண்ணுக்கும் பத்தல, அந்தப் பையனுக்கும் பத்தல. இந்தப் பொண்ணுக்கு அந்த மருந்து வேணுமான்னே தெரியாது. இப்ப யாருக்கு நல்லது பண்ண நீ?"

அம்மா தலை குனியவில்லை. "பக்கத்து வூட்டுப் புள்ள உயிருக்குக் கெடக்கும்போது, எம் புள்ளைக்கு மட்டும் ஊட்டிட்டு நான் கதவச் சாத்திக்கணுமா? எங்களுக்கு அது பழக்கமில்லீங்க."

"உன் பழக்கத்தால இவ செத்துப்போவா!"

அம்மாவின் கை என்னை இறுக்கியது. பயந்துவிட்டாள். ஆனாலும் குரல் இறங்கவில்லை. "அப்ப மூணு பேருக்கும் குடுங்க. குடுக்கலேன்னா இவளுக்குக் குடுக்கறதையும் பங்கு போடுவேன். நான் சொன்னா செய்யிறவ." சொல்லிவிட்டு வார்டு வாசலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் முதலில் பிரெஞ்சில் ஏதோ கத்தினார். அது எங்களைத்தான் என்பது புரிந்தது. பிறகு தமிழுக்கு வந்தார். "ரத்தம் எடுத்துப் பாக்காம ஒரு மாத்திரை குடுக்க மாட்டேன். ரத்தத்துல இருந்தா, இங்கயே கட்டில் போட்டு முழுசா குடுக்கறேன். இல்லேன்னா நீ இங்கயே குடியிருந்தாலும் கெடையாது." சொல்லிக்கொண்டே அம்மாவை உற்றுப் பார்த்தார். "உனக்கு என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? நீயும் கையக் காட்டு."

"எனக்கின்னா கேடு? கல்லு மாதிரி இருக்கேன்" என்று அம்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

ரத்தம் சோதித்ததில் எனக்கும் பையனுக்கும் டைபாய்டு. சித்தப்பாவின் மகளுக்கு இல்லை. அவளுக்கு மருந்து கிடையாது என்றதும் அம்மா இன்னொரு சண்டை பிடித்தாள். டாக்டர் அசையவில்லை. "சளிக்கு இது மருந்தில்ல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மருந்து கிடைக்காத அவள்தான் எங்கள் இருவருக்கும் முன்னால் எழுந்து மணலில் ஓடினாள்.

இந்த முறை பொட்டலம் எங்கள் கைக்கு வரவே இல்லை. ஒரு கன்னியாஸ்திரி வேளாவேளைக்கு வந்து, மாத்திரையை வாயில் போட்டு, விழுங்கிய பிறகு வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியிலும் பார்ப்பார். அவர் போனதும் தரையில் உட்கார்ந்திருக்கும் அம்மா என் நெற்றியைத் தொடுவாள். நாலாம் நாள் அவள் கை எனக்குச் சுட்டது. என் காய்ச்சல் விட்டுவிட்டது, அதனால்தான் அம்மாவின் கை சுடுகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

வீட்டுக்கு வந்த இரண்டு மூன்று மாதத்தில் எனக்குத் தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. டைபாய்டு வந்தால் அப்படித்தான் என்றார்கள். மாமாவின் மகனுக்கும் கொட்டியது. அம்மாவுக்கும் கொட்டியது.

"உனக்கு ஏம்மா கொட்டுது? உனக்குத்தான் காய்ச்சலே வரலியே" என்று கேலி செய்தேன்.

"ஏன், எனக்குப் பங்கு வாணாமா?" என்று சிரித்தாள். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். நாலாவதாகத் தானும் கையை நீட்டினால் பிள்ளைகளின் மருந்து குறைந்துபோகும் என்று நினைத்து அவள் காய்ச்சலை மறைத்தது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை. புரிந்திருந்தால் அந்த வார்டில் அடுத்த சண்டையை நான் போட்டிருப்பேன், அம்மாவோடு.