எனக்கென்று ஒரு சுவர்

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி ஜவ்வாது மலைக்கு வந்தேன். வீடு கணவரின் அண்ணனுடையது. நான் மாமா என்று கூப்பிடும் அவர் தையற்காரர். அவர் வெட்டிப்போடும் துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைக்க எனக்கு ஆசை. எந்த நிறம் எங்கே என்று தரையில் அடுக்கிப் பார்த்தால் யாராவது மிதித்துக் கலைத்துவிடுவார்கள். அதனால் சுவரில் ஆணியடித்துப் பழைய புடவையைக் கட்டி, துண்டுகளைக் குண்டூசியால் குத்தி வைத்தேன்.

மாமா ஆணிகளைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். "இன்னாம்மா இது? இது என் வூட்டு செவுரு, தெரியுதா?"

"தெரியுது மாமா. என் செவுர நானே செஞ்சிக்கிறேன்."

கொல்லையில் காய்ந்துபோன அவரைக்கொடிப் பந்தலைப் பிரித்து, மெல்லிய மூங்கில்களைச் சட்டமாகக் கட்டினேன். அதன்மேல் கிழிந்த கம்பளியை இழுத்துத் தைத்தேன். சொரசொரப்பான கம்பளியில் துண்டுகள் ஊசியில்லாமலே ஒட்டிக்கொண்டன. ஒரு கையால் தூக்கலாம். மாமா வீட்டுக்குள் இருந்தால் வாசலுக்குத் தூக்குவேன். வாசலுக்கு வந்தால் புளியமரத்தடிக்கு.

"ஊரே பாத்து சிரிக்குது" என்றார் கணவர்.

"சிரிக்கட்டுமே" என்றேன்.

ஒருநாள் மாமா அதன் முன்னால் வந்து வெகுநேரம் நின்றார். "அந்த செவப்ப மேல வையிம்மா, எடுப்பா இருக்கும்."

அவர் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம்.

"அது அங்கதான் மாமா இருக்கும்" என்றேன். அவர் தையல் கடைக்குப் போனார்.

அந்தப் போர்வை எப்போதோ நைந்துவிட்டது. பிறகும் எத்தனையோ பேர் எனக்கு இடமில்லை என்றார்கள். நான் யாரிடமும் கேட்டு நிற்கவில்லை.