இடுப்புப் பிள்ளைக்கு ஒரு டெல்லித் தீர்மானம்

நாற்பது பிள்ளைகளுக்கு மூக்கைத் துடைத்து, கஞ்சி ஊற்றி, சண்டை விலக்கித் தூங்கவைக்கும் வேலைக்கு டெல்லியில் ஒரு அகில இந்தியச் சங்கம் இருக்கிறது, தெரியுமா உங்களுக்கு? எனக்கும் தெரியாது. எட்டாவது முடித்து, சேலத்தில் பயிற்சி எடுத்து, மொரப்பூர் பக்கம் எங்கள் ஊர்ப் பால்வாடியில் டீச்சராகி இரண்டு வருடம் ஆகும்வரை தெரியாது. வீட்டுப் பிள்ளையை விட்டுவிட்டு ஊர்ப் பிள்ளையைப் பார்க்கப் போகிற அம்மாமார்கள் எல்லாரும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். மற்றவர்கள் தள்ளி நின்று சிரித்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு பேட்ஜ்

என் மகள் லூர்துவுக்கு அப்போது நாலு மாதம். அவள் அப்பா ரயில் பாதையில் கேங் வேலை. காலையில் போனால் சாயங்காலம்தான். வீட்டில் வேறு ஆள் கிடையாது. பால்வாடி விதியோ, பணியாளர் தன் சொந்தக் குழந்தையை மையத்துக்குக் கொண்டுவரவே கூடாது என்றது. மீறினால் வேலை போகும். சொந்தப் பிள்ளை பக்கத்தில் இருந்தால் ஊர்ப் பிள்ளைகளின் பால் பவுடர் அதன் வயிற்றுக்குள் போய்விடுமாம். தாய்ப்பால் குடிக்கிற நாலு மாதப் பிள்ளை பவுடர் டின்னை எப்படித் திறக்கும் என்று விதி எழுதினவர் சொல்லவில்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் சங்கத்தின் மாவட்டச் செயலாளர் அம்மா தர்மபுரியிலிருந்து பஸ் ஏறி வந்தார். சேர்ந்துவிட்டால் மற்றதை டெல்லி பார்த்துக்கொள்ளும் என்றார். சேர்ந்தேன். தகரத்தில் ஒரு பேட்ஜ் குத்திவிட்டார். அதில் ஒரு பெண், அவள் இடுப்பில் ஒரு குழந்தை. எனக்கு ஒரே சந்தோஷம். "இந்தப் படத்துல இருக்கற மாதிரியே நானும் வேலைக்கு வரணுங்க. அது ஒண்ணுதான் வேணும்" என்றேன். செயலாளர் அம்மா பேட்ஜைக் கோணலில்லாமல் நேராக்கிவிட்டுச் சொன்னார்: "அது சங்கத்துச் சின்னம், டீச்சர். அதப் பாத்து யாரும் அப்படியே நடந்துக்கப்படாது."

ஜன்னல் வழி

டெல்லி பார்த்துக்கொள்ளும்வரை லூர்துவை யார் பார்த்துக்கொள்வது? பால்வாடிக்கு ஒட்டின வூடு முனியம்மா அக்காவுடையது. பிள்ளையை நான் கூடவே வைத்துக்கொள்வது, சூப்பர்வைசரம்மா வந்தால் அக்காவிடம் தள்ளிவிடுவது என்று எங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டோம். எங்கள் ஊருக்கு ஜீப் வந்தால் ஏரிக்கரையிலேயே புழுதி எழும்பும். புழுதி தெரிந்ததும் நாற்பது பிள்ளைகளும் "டீச்சர், புழுதி" என்று கத்துவார்கள். கம்பி இரண்டு உடைந்த ஜன்னல் வழியாக லூர்து அக்கா கைக்குப் போய்விடுவாள். அந்தக் கம்பியை மாற்றித்தரச் சொல்லி முன்னால் நானே மனு எழுதியிருந்தேன். அந்த மனுவுக்கு மட்டும் சீக்கிரம் பதில் வந்துவிடுமோ என்று பயந்து, "காத்து நல்லா வருதுங்க, அப்படியே இருக்கட்டும்" என்று இன்னொரு மனு எழுதினேன்.

ஒருநாள் சூப்பர்வைசரம்மா பக்கத்து வாசலை எட்டிப் பார்த்துவிட்டார். முனியம்மா அக்காவுக்கு ஐம்பதைத் தொடும் வயது. மடியில் என் பிள்ளை. பின்னால் சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம். "ஏம்மா, இந்த வயசுல கைக்குழந்தையா? செவுத்துல இத்தாப் பெருசா எழுதி வெச்சும் இப்படியா?" என்று கேட்டார். அக்கா பிள்ளையைத் தட்டிக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்: "என்னாங்கம்மா பண்றது, ஜன்னலு வழியா வந்துருச்சு."

வேப்பமரத்தடி மாநாடு

லூர்து தவழ ஆரம்பித்தபோது சென்னையில் சங்கத்தின் தேசிய மாநாடு. சொந்தக் குழந்தை விஷயத்தைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறார்கள், நானும் அஞ்சு நிமிஷம் பேசலாம் என்று கடிதம் வந்தது. மொரப்பூரில் பிள்ளையோடு ரயில் ஏறினேன். பாதி ராத்திரிவரை பேச வேண்டியதை அவள் காதிலேயே சொல்லிப் பார்த்தேன். அவளும் "ம்" கொட்டினாள்.

மண்டபத்தில் பெரிய எழுத்தில் 'குழந்தைகளே தேசத்தின் செல்வம்' என்று துணி கட்டியிருந்தார்கள். வாசலில் சின்ன எழுத்தில் 'கைக்குழந்தைகளுடன் உள்ளே வரக்கூடாது' என்று அட்டை. எதிரே வேப்பமரத்தடியில் என்னைப் போலப் பத்திருபது டீச்சர்கள், இடுப்பில் ஆளுக்கொரு தேசத்தின் செல்வத்தோடு. உள்ளே பால்வாடிப் படியை மிதித்தே இராத பெரியவர்கள், தாய்மை என்றால் என்ன என்று மைக்கில் விளக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு கைதட்டல் கேட்டது. தீர்மானம் நிறைவேறிவிட்டதாம். நான் பேச வேண்டும், பேர் கொடுத்திருக்கிறேன் என்று வாசலில் நின்ற தொண்டரிடம் கெஞ்சினேன். அவர் அன்பாகத்தான் சொன்னார்: "உள்ள ஒங்களப் பத்தித்தாம்மா பேசிக்கிட்டிருக்காங்க. நீங்க நிம்மதியா நெழல்ல உக்காருங்க."

இரண்டு பேர்

தீர்மானம் டெல்லிக்குப் போய், அங்கிருந்து எங்கெங்கேயோ போய்க்கொண்டிருந்தது. லூர்து அதற்குள் நடந்து, பேசி, மூன்று வயதைத் தொட்டுவிட்டாள். இனி ஜன்னலில் நுழைய மாட்டாள். அதனால் ரிஜிஸ்டரில் முனியம்மா மகள் லட்சுமி என்று எழுதிவிட்டேன். தப்புதான். ஆனால் வேறு வழி தோன்றவில்லை. புழுதி தெரிந்தால் என்னை 'டீச்சர்' என்று கூப்பிட வேண்டும், அக்காவை 'அம்மா' என்று கூப்பிட வேண்டும் என்று பழக்கினேன். நான் சொல்லிக்கொடுத்த பாட்டெல்லாம் மறந்தாள். இதை மட்டும் மறக்கவில்லை.

ஒருநாள் சூப்பர்வைசரம்மா குனிந்து, "ஒம் பேரு என்னா?" என்று கேட்டார். லூர்து கையைக் கட்டிக்கொண்டு, "இங்க லச்சுமிங்க. ஞாயித்துக்கெழம கோயில்ல லூர்துங்க" என்றாள். அந்த அம்மா பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திறந்த பேனாவை மூடினார். கஞ்சியில் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளம்பும்போது பக்கத்து வாசலைப் பார்த்துச் சொன்னார்: "முனியம்மா, ஒம் பொண்ணுக்கு அப்படியே டீச்சர் மூக்கு. நல்லாத்தான் சொல்லிக்குடுக்கறாங்க."

வெற்றி

லூர்து ஒன்றாம் வகுப்புக்குப் போக இரண்டு மாதம் இருக்கும்போது ஏரிக்கரையில் பெரிய புழுதி. ஜீப் இல்லை, கார். செயலாளர் அம்மா ஒரு போட்டோக்காரரோடு இறங்கினார். உத்தரவு வந்துவிட்டதாம்: இரண்டு வயதுக்குட்பட்ட சொந்தக் குழந்தையைத் தாராளமாகக் கொண்டுவரலாம். சங்கத்துப் பத்திரிகைக்குப் பேட்ஜில் இருப்பது போலவே ஒரு படம் வேண்டும். "எங்க டீச்சர் அந்தக் கைக்குழந்த?" என்றார். அதோ, கஞ்சித் தட்டு கழுவிக்கொண்டிருக்கிறாள் என்று காட்டினேன். அவர் முகம் சுருங்கிப் போனது. "பக்கத்துல யாருகிட்டயாவது சின்னதா ஒண்ணு கெடைக்குமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "இவதாங்க எம் பொண்ணு, இவளத்தான் எடுக்கணும்" என்று லூர்துவை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன். கால் இரண்டும் என் முழங்காலுக்குக் கீழே தொங்கின. "சிரிடி, அம்மாவக் கட்டிப் புடிச்சுக்கோ" என்றேன். அவள் திமிறி இறங்கி முனியம்மா அக்காவிடம் ஓடி, "அம்மா" என்று அவள் சேலையைப் பிடித்துக்கொண்டாள். "வாடி, இனிமே பயமில்ல" என்று நான் எத்தனை கூப்பிட்டும் அசையவில்லை.

தீர்மானம் டெல்லிவரை போய் ஜெயித்துவந்த உரிமையை எனக்குக் கையில் கொடுத்த அந்த நேரத்தில், என் வேலையைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு தன்னுடையது என்று நினைத்த என் மகள் கண்ணைக் காட்டி என்னிடம் கேட்டுக்கொண்டது இவ்வளவுதான்: "டீச்சர், காரு போனப்புறம் அம்மான்னு கூப்புடறேன், அதுவரைக்கும் கொஞ்சம் பேசாம இருங்க."