முக்காலி டாக்டர்

முக்காலியைக் காலால் தள்ளிக்கொண்டே வருவார். கையில் ஆறிப்போன டீ. பச்சிளங்குழந்தைகள் வார்டில் பெற்றவர்களிடம் நின்றபடி பேசுவது அவருக்குப் பிடிக்காது. "நின்னுக்கிட்டே பேசினா, கிளம்பப் போறோம்னு அவங்களுக்குத் தெரிஞ்சுடும்" என்பார். முக்காலி டாக்டர் என்பது நர்சுகள் வைத்த பெயர். அது அவர் காதுக்கும் எட்டிவிட்டது. "நாற்காலின்னு வெச்சா என்ன, ஒரு காலைக் குறைச்சுட்டீங்களே" என்று கேட்டபடியே, பெயர் வைத்தவளின் பிஸ்கட்டை எடுத்துத் தின்றார்.

ஐம்பதைத் தாண்டிய மனுஷி. சாயம் பூச ஆரம்பித்துப் பாதியில் அலுத்துவிட்ட தலை. கண்ணாடிப் பெட்டிக்குள் குழாயும் ஒயருமாகக் கிடக்கும் பிள்ளைகளிடம் மரியாதையாகத்தான் பேசுவார். "என்ன துரை, நர்சம்மாவ ஓட விட்டீங்களாமே?"

மூச்சுக் குழாயை எடுத்துவிடலாமா என்ற பேச்சு வந்தால் மட்டும் நாக்கு தடுமாறும். "இன்னும் கொஞ்சம் பாப்போம்" என்று தள்ளிப்போடுவார். அப்படித் தள்ளிப்போட்டுப் பிழைத்த பெண்பிள்ளை ஒருத்தி உண்டு. வளர்ந்துவிட்டாள். தலை நிற்காது, பெற்றவள் முகம் தெரியாது, வலிப்பு வந்தபடி இருக்கும். அவ்வப்போது தூக்கி வரும் தாய், "நீங்க காப்பாத்திக் குடுத்த புள்ள" என்பாள். குத்தல் இல்லை, நன்றிதான். டாக்டர் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் பிள்ளையின் செருப்பைப் பார்ப்பார். அடி தேயாத செருப்பு.

குழாயை எடுத்துவிட்ட பிள்ளைகளும் உண்டு. அவர்கள் வந்து எதுவும் சொல்வதில்லை.

போன வாரம் ஒரு பையன். மாதம் நிறையாமல் பிறந்தவன். மூளையெங்கும் ரத்தக் கசிவு. திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுத்தும் மாற்றமில்லை. இயந்திரத்தை நீட்டிப்பது வேதனையை நீட்டிப்பதுதான் என்று மற்ற டாக்டர்களும் ஒத்துக்கொண்டார்கள். அப்பா லாரி ஓட்டுபவர். பிரசவித்த உடம்போடு மனைவி சக்கர நாற்காலியில். முக்காலியில் உட்கார்ந்து டாக்டர் எல்லாவற்றையும் விளக்கி முடித்ததும், அப்பா தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"எங்களக் கேக்காதீங்க டாக்டர். எடுத்துடுங்கன்னு என் வாயால சொல்லிட்டு, நாளைக்கு இவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

பெற்றவர்களோடு கலந்துதான் முடிவெடுக்க வேண்டும் என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவர் டாக்டர். டீயைக் கீழே வைத்தார்.

"சரி, கேக்கல. சொல்றேன். குழாய எடுக்கப் போறோம். இது என் முடிவு. வேண்டாம்னு தோணினா இப்பவே தடுத்துடுங்க. இல்லன்னா, பின்னால திட்டணும்னாலும் என்னையே திட்டுங்க."

இருவரும் தடுக்கவில்லை. தாய் ஒன்றுதான் கேட்டாள்: "வலிக்குமா?"

"வலிக்காம நான் பாத்துக்கறேன்."

திரை இழுத்து மறைத்தார்கள். குழாயும் ஒயரும் இல்லாமல் பிள்ளை முதல்தடவையாக அம்மா மடிக்கு வந்தான். அவள் பிள்ளையின் காதுமடலைத் தடவி, "உங்க காதுங்க" என்று கணவனிடம் சொன்னாள்.

டாக்டர் குனிந்து ஸ்டெதஸ்கோப்பைப் பிள்ளையின் மார்பில் வைத்தார். துடிப்பு இருந்தது. விட்டு விட்டு வந்தது. பிறகு நின்றுபோனது.

தாய் நிமிர்ந்தாள். "இருக்கானா டாக்டர்?"

டாக்டர் தன் உதட்டில் ஒரு விரலை வைத்து, கண்ணை மூடி, இன்னும் கேட்டுக்கொண்டே இருந்தார்.