வைகாசியில் பூநாரை

வாணியம்பாடி பத்ருன்னிசாவுக்கு நான் ஒன்பதாயிரத்து அறுநூறு ரூபாய் கடன்பட்டிருந்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, மலைமேல் புதூர்நாட்டில் சொந்தமாக ஒரு ஜீப்பும் ஒரு வேனும் நிறுத்தியிருக்கிற இந்த அருள்மணி, வீட்டில் உட்கார்ந்து ஷூ தைக்கிற பெண்ணுக்குக் கடன்காரன். இதை நானே எழுதாவிட்டால் வேறு எவனாவது கை கால் வைத்து எழுதுவான். அதனால் எழுதுகிறேன்.

பத்ருன்னிசாவின் அப்பா எங்கள் மலைக்குப் புளி விலைக்குப் பிடிக்க வந்துகொண்டிருந்தவர். அந்தப் பழக்கத்தில் அவள் எனக்குத் தங்கச்சி முறை. புருஷன் இறந்து பத்து வருஷம். ஏஜென்ட் கொண்டுவந்து போடுகிற தோலை ஜன்னலோரம் உட்கார்ந்து தைப்பாள், ஜோடிக்குப் பதினைந்து ரூபாய். அதில் மகள் காஷிஃபாவைக் காலேஜுக்கு அனுப்பிவிட்டாள். வாணியம்பாடிக்குக் கிழக்கே ஆம்பூர், தெற்கே திருப்பத்தூர். அவள் பார்த்த உலகம் அவ்வளவுதான்.

அந்த மகள்தான் செல்போனில் ஏதோ வீடியோவைக் காட்டிக் கெடுத்தாள்.

"அண்ணா, பழவேற்காட்டு ஏரில பூநாரை வருதாமே. ஆயிரக்கணக்குல நிக்குதாம். தெருவுல எட்டு பொம்பளைங்க கீறோம், ஆளுக்கு ஆயிரத்தி எறநூறு போட்றோம். எப்ப போலாம்?" என்று பத்ருன்னிசா கேட்டாள்.

"திடீர்னு இன்னாம்மா பறவ மேல ஆச?"

"செத்த மாட்டுத் தோலயே பாத்துனு கீறேன்ணா. உசுரோட எதுனா பாக்க வேணாவா?"

நான் அதுவரை பழவேற்காட்டைப் பார்த்ததில்லை. ஆனால் தெரியாது என்று சொல்லிப் பிழைத்தவன் எவன்? "வைகாசிதாம்மா சீசன்" என்றேன். எங்கள் மலையில் பலா பழுப்பதும், கீழேயிருந்து வேர்த்து விறுவிறுத்து ஜனங்கள் ஏறி வருவதும், வண்டிக்காரன் கையில் காசு புரள்வதும் அப்போதுதான். மனுஷனுக்கே வைகாசி என்றால் பறவைக்குத் தனியாகக் காலண்டர் அடிப்பார்களா?

அடித்திருந்தார்கள். வைகாசியில் பணத்தை வாங்கிக்கொண்டு எட்டுப் பேரையும், ஓசியில் காஷிஃபாவையும், வேனில் ஏற்றிப்போய் இறங்கினால் பறவைகள் சரணாலயம் என்று பலகை இருந்தது. பலகைதான் இருந்தது. தண்ணீர் எங்கேயோ உள்வாங்கி, கரையோரச் சேறு அப்பளம் மாதிரி வெடித்துக் கிடந்தது. வலை பிரித்துக்கொண்டிருந்த மீன்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"பூநாரையா? அதெல்லாம் போயி ரெண்டு மாசம் ஆவுது. இப்ப வந்தா எங்க மூஞ்சியத்தான் பாக்கணும்."

காஷிஃபா எண்ணி அம்மாவிடம் சொன்னாள்: "நாலு கொக்கு, ஒரு நாயி, அவ்ளோதான் அம்மி."

திரும்பும் வழியில் பத்ருன்னிசா பணத்தைப் பற்றி வாயைத் திறந்தாள். நான் புளியமரத்துச் சட்டத்தை எடுத்து விட்டேன். எங்கள் மலையில் புளியமரத்தைப் பூவிலேயே விலை பேசுவோம். வியாபாரி பணத்தைக் கொடுத்துவிட்டுப் போவான். பிஞ்சு கொட்டினாலும் காய் பிடிக்காவிட்டாலும் நஷ்டம் அவனுக்குத்தான், பணம் திரும்பாது.

"இதுவும் அப்டிதாம்மா. பேசின காசு பேசினதுதான்."

"எங்க வாப்பா மரத்த அண்ணாந்து பாத்துட்டுதான் காசு குடுப்பாரு. நா இன்னாத்தப் பாத்தேன்? உங்க வாயத்தான் பாத்தேன்."

வேனில் எட்டுப் பெண்களும் சிரித்தார்கள். வேன் என்னுடையது, டீசல் என்னுடையது, சிரிப்பு மட்டும் அவர்களுடையது.

பிறகுதான் தெரிந்தது. கூட வந்த ஏழு பேருக்கும் அவளே தன் கைக்காசில் ஆயிரத்து இருநூறு திருப்பிக் கொடுத்திருக்கிறாள். அவள் பேச்சை நம்பித்தானே அவர்கள் பணம் போட்டார்கள். ஐநூற்று அறுபது ஜோடி தைத்த கூலி. எனக்குச் சுருக்கென்றது. "பறவயக் காட்றேன், இல்லன்னா மொத்தப் பணத்தையும் கைல வெக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். வாக்குக் கொடுக்கும்போது டீசல் விலை ஞாபகம் வருவதில்லை.

ஆடியில் கோயம்பேட்டுக்குப் பலா ஏற்றிக்கொண்டு போனவன் அப்படியே பழவேற்காட்டையும் போய்ப் பார்த்தேன். காற்று மணலை வாரிக் கண்ணில் போட்டது. அங்கே நின்ற வனக்காவலர், "மழ பேஞ்சி தண்ணி நெறஞ்சா வரும்" என்றார். ஐப்பசியில் மழை பிடித்ததும் அம்மாவையும் மகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பொன்னேரி தாண்டி ரோட்டின் மேல் முழங்கால் தண்ணீர். போலீஸ்காரர் கையைக் காட்டித் திருப்பி அனுப்பினார்.

"தண்ணி நெறஞ்சிச்சி பாரும்மா" என்றேன்.

"நெறஞ்சிச்சிண்ணா. வண்டிக்குள்ளயும்" என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

பறவைக்கு நல்ல காலம் மார்கழியிலிருந்து மாசி வரைக்கும் என்று அதற்குப் பிறகு தெரிந்துகொண்டேன். அறிவு வந்துவிட்டது, வண்டிதான் இல்லை. கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட ஆரம்பித்தால் தை வரை என் வேன் சபரிமலைக்கும் திருப்பத்தூருக்கும் நடுவில்தான் குடியிருக்கும். வருஷச் சம்பாத்தியத்தில் பாதி அந்த இரண்டு மாதம். பூநாரைக்கு அது தெரியவில்லை.

தை பிறப்பதற்கு முன்பே போன் வந்தது.

"அண்ணா, எப்ப கூட்டினு போறீங்க?"

"சாமிங்க டிரிப்பு நெறைய கீதும்மா. பங்குனில பாக்கலாம்."

"பூநாரைக்கி சொல்லிட்டீங்களா, பங்குனி வரைக்கும் இருக்கச் சொல்லி?"

வைத்துவிட்டாள். அடுத்த வாரம் தேனிப் பக்கம் டயர் மாற்றிக்கொண்டிருந்தபோது வீடியோ கால். பத்ருன்னிசாவின் முகம் வந்தது, காற்றில் முக்காடு பறந்தது. பின்னால் தண்ணீர்.

"எங்கம்மா நிக்கிற?"

"பழவேற்காடு. ரயிலு, அப்பறம் இன்னொரு ரயிலு, அப்பறம் பஸ்ஸு. ரெண்டு பேருக்கும் போவ வர ஐநூறு கூட ஆவல. காஷிஃபா, திருப்பிக் காட்டு."

தண்ணீருக்கு மேல் ஒரு கோடு, வெள்ளையில் ரோஸ் கலந்து. அந்தக் கோடு நகர்ந்தது. பிறகு மொத்தமாக எழும்பியது, இறக்கைக்கு அடியில் சிவப்பாக எரிந்தது. மரத்தை ஒரு பார்வை பார்த்து எத்தனை மூட்டை புளி என்று சொல்கிற ஆள் நான். எண்ண முடியவில்லை. வண்டியிலிருந்த சாமிகள் எல்லாம் என் தோளில் தொங்கிக்கொண்டு பார்த்தார்கள்.

"நல்லா கீதும்மா" என்றேன்.

"ஆமாண்ணா, உசுரோட" என்றாள். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

சபரிமலை டிரிப் முடிந்ததும் முதல் வேலையாக வாணியம்பாடிக்கு இறங்கினேன். ஜன்னலோரம் தைத்துக்கொண்டிருந்தாள். எதிர்த்தாற்போல் மூன்று பெண்கள் ஊசியோடு.

"மூணு தடவ வண்டி போச்சிம்மா. டீசலே..." என்று ஆரம்பித்தேன், வாய் சும்மா இருந்தால்தானே.

"கழிச்சிக்கினு குடுங்கண்ணா" என்றாள், தையலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இதைவிட அவள் இரண்டு திட்டுத் திட்டியிருக்கலாம். வைகாசி சீசன் என்று வாய்கூசாமல் சொன்னவனுக்கு டீசல் கணக்கு ஒரு கேடு.

"நீட்டும்மா கைய" என்றேன்.

ஊசியைத் தோலில் குத்தி வைத்தாள். பசை ஒட்டிய உள்ளங்கையைத் துப்பட்டாவில் துடைத்துவிட்டு நீட்டினாள். மூன்று பெண்களும் கேட்கும்படி சத்தமாக எண்ணி வைத்தேன்: ஐநூறு ரூபாய் நோட்டுகள் பத்தொன்பது, கடைசியாக ஒரு நூறு.