கல்யாண வீட்டில் கறுப்புச் சட்டை

நான் இப்போது இருக்கும் ஊரில் கறுப்புதான் மங்கலமான நிறம். பிறந்த குழந்தைக்குக் கறுப்புத் தொப்பி போட்டு முத்தம் கொடுக்கிறார்கள். பள்ளிக்கூட விழாவுக்குக் கறுப்புத் தோரணம் கட்டுகிறார்கள். நியூசிலாந்தின் தெற்கே, ஆடுகள் அதிகமாகவும் மனிதர்கள் குறைவாகவும் உள்ள சின்ன ஊர் இது. என் மனைவி நர்ஸ். இங்கே ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. நான் பின்னாலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். இராஜபாளையத்துப் பஞ்சாலையில் அறுந்த நூலை ஒட்டிக்கொண்டிருந்தவன், இங்கே கம்பளி ஆலையில் அறுந்த நூலை ஒட்டுகிறேன். நூல் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். ஆலைக்குள் எனக்கு எல்லாம் புரிந்தது. வெளியே வந்தால்தான் கஷ்டம்.

நான் வந்தது தொண்ணூற்றொன்றில். வந்து சில மாதங்களில், ஒரு நாள் காலை ரொட்டி வாங்கப் போனால், கடை வாசலில் நிலையைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டியிருந்தது. கடைக்காரர் வயதானவர், அவருடைய மனைவியைச் சில நாட்களாகக் கடையில் காணவில்லை. அந்த அம்மாள்தான் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். பேசத்தான் எனக்குக் கூச்சம். துக்கம் விசாரிக்க நன்றாகவே தெரியும். கைகளைக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் தலை குனிந்து கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு, "ஐயாம் வெரி சாரி" என்றேன். "எதுக்கு?" என்று கேட்டார். நான் கறுப்புத் துணியைக் காட்டி, "வெரி சேட்" என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "சேடா? இன்னும் ஆட்டமே நடக்கலையே!" என்றார். அதற்குள் அவர் மனைவி உள்ளேயிருந்து ஒரு தட்டு நிறைய பன்னோடு வந்தாள். அந்த அம்மாளை உயிரோடு பார்த்த சந்தோஷத்தில் நான் ரொட்டி வாங்காமலேயே, இழவு வீட்டிலிருந்து கிளம்புகிற மாதிரி, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டேன்.

அந்தத் துணி ரக்பி உலகக் கோப்பைக்காகக் கட்டியது என்று ஆலையில்தான் தெரிந்துகொண்டேன். இந்த நாட்டு அணிக்குக் கறுப்புச் சட்டை. தோற்றால் வீட்டுக்குப் போகவேண்டிய ஆட்டங்கள் தொடங்கியிருந்தன. அந்த வாரக் கடைசியில் அரையிறுதி. அதில் தோற்றார்கள். திங்கள்கிழமை ரொட்டிக்காரர் என்னிடம் பேசவில்லை. டீ இடைவேளைக்குள் ஆலை முழுவதும், ஆட்டத்துக்கு முன்பே இழவு கேட்க வந்த இந்தியனைப் பற்றிப் பேச்சாகிவிட்டது. அவர்கள் பாதி விளையாட்டாகத்தான் சொன்னார்கள். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. எங்கள் ஊரில் தாலி கட்டுகிற நேரத்தில் ஒருவன் மணமேடைக்கு முன்னால் வந்து, "எப்ப எடுக்காக?" என்று கேட்டால் அவனை என்ன செய்வோம்? இவர்கள் கை நீட்டி அடிக்கவில்லை. டீ அறையில் டி.வி.யில் ரக்பி ஓடும்போது மட்டும், "நீ போய் மெஷினைப் பார்த்துக்கோயேன்" என்று அன்பாகச் சொல்வார்கள். நான்கு வருடம் நான் மெஷினைப் பார்த்துக்கொண்டேன்.

தொண்ணூற்றைந்தில் மறுபடி உலகக் கோப்பை, இந்தமுறை தென்னாப்பிரிக்காவில். முதல் சுற்று முடிகிற சமயத்தில் நான் லீவில் ஊருக்குக் கிளம்பினேன். பாக்கியம் அக்காவின் மகள் மீனாவுக்குக் கல்யாணம்; நான்தான் தாய்மாமன். என் மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. கிளம்புகிற அன்று, என் ஷிஃப்டின் மேஸ்திரி ஹெமி ஒரு பையை என் கையில் கொடுத்தார். இந்த மண்ணின் பூர்வகுடியான மாவோரிக்காரர், கதவளவு அகலம், மெதுவாகப் பேசுவார். உள்ளே அவருடைய கறுப்பு ஜெர்சி.

"இன்னும் மூன்று ஆட்டம்," என்றார். "மூன்றுக்கும் இதைப் போட்டுக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்து பார். அன்றைக்கு நீ செய்தது அதோடு கழிந்துவிடும்."

"தோற்றால்?"

"தோற்றால் அங்கேயே இருந்துகொள்," என்றார், சிரிக்காமல்.

அவர் கேலிக்குச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கக் கூச்சம். ஆனால் அந்த டீ அறையில் மற்றவர்களைப் போல ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கத்தவேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பது அந்தப் பையை வாங்கும்போதுதான் எனக்கே தெரிந்தது.

காலிறுதி, நான் ஊருக்கு வந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை. தென்னாப்பிரிக்காவில் மத்தியானம் என்றால் இராஜபாளையத்தில் சாயங்காலம். எங்கள் தெருவுக்குக் கேபிள் கொடுப்பவர் காதர்; சின்ன டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்தார். விளையாட்டுச் சேனல் அவரிடம் வந்தது. ஆனால் அதை யாரும் கேட்காததால் அந்த இடத்தில் சினிமாக் கேசட் போடுவார். கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணே என்றார். பயணக் களைப்பில் நான் சவரம் செய்திருக்கவில்லை. ஒரு வார தாடி, கறுப்பு ஜெர்சி, வேட்டி. செருப்பைத் தேடினேன், சின்னப் பிள்ளைகள் யாரோ போட்டுக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். வெறுங்காலோடு தெருவில் இறங்கினேன். எதிர்வீட்டு மளிகைக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார்.

"சாமி சரணம்! மாசப் பொறப்புக்கு மலைக்குப் போறீகளா சாமி?"

அவரிடம், ஐயா இது ஐயப்பன் விரதம் இல்லை, ரக்பி என்று ஒரு விளையாட்டு, அதில் நான் நான்கு வருடத்துக்கு முன்னால், என்று தொடங்கி எல்லாவற்றையும் விளக்கவேண்டும். நான் கூச்சப்பட்டுக் கும்பிடு போட்டுவிட்டு நடந்தேன். காலிறுதியில் ஜெயித்தோம். நான் திரும்பி வருவதற்குள் தெரு முழுக்க நான் சாமியாகிவிட்டேன்.

வீட்டில் அக்கா மட்டன் குழம்பு வைத்திருந்தாள். வாசனை வாசலுக்கு வந்தது. நான்கு வருடமாக நான் நினைத்து நினைத்து ஏங்கிய குழம்பு. இலையில் சோற்றைப் போட்டு ரசத்தை ஊற்றினாள்.

"கறி?"

"ஊரே சாமிங்குது, நீ உக்காந்து எலும்பக் கடிப்பியோ? மளிகைக்கடை அண்ணாச்சி இப்பத்தான் வாழப்பழம் குடுத்துவிட்டுப் போறாக."

"அக்கா, ஒனக்குத் தெரியும்லா, இது வெளையாட்டுச் சட்டை."

"எனக்குத் தெரியும்லே. தெருவுக்குத் தெரியுமா? கல்யாண வீட்டுல தாய்மாமன் சும்மா கறுப்புச் சட்டை போட்டுத் திரிஞ்சான்னா சம்பந்தி வீட்டுல என்ன நெனைப்பாக? சாமின்னா ஒருத்தரும் கேக்கமாட்டாக. பேசாம ரசத்தக் குடி."

அப்படியாக நான் வெயிலில் வெறுங்காலோடு தார் ரோட்டில் துள்ளித் துள்ளி நடந்தேன். டவுன்பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். பஞ்சாலையில் என்னோடு வேலை பார்த்தவன் ஒருவன் பரோட்டாக் கடை வாசலில் என்னைக் கட்டிப்பிடிக்க வந்து, பாதியில் நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டான். வெளிநாட்டில் ஆட்டத்துக்குப் பயந்து நடப்பவனாகவும், உள்ளூரில் சாமிக்குப் பயந்து நடப்பவனாகவும் நான் ஆகியிருந்தேன்.

அரையிறுதி அடுத்த ஞாயிறு. சாமி பார்க்கிறார் என்றால் ஏதோ பக்திப் படமாகத்தான் இருக்கும் என்று எங்கோ பேச்சு கிளம்பி, காதர் கடையில் கூட்டம். இன்னும் சிலர் வீட்டிலிருந்தே கேட்டார்கள் என்று காதர் தெரு முழுவதற்கும் அந்தச் சேனலைத் திறந்துவிட்டார். திரையில் பதினாறு பேர் ஒருவர் தலையை ஒருவர் விலாவில் செருகிக்கொண்டு முட்டுவதைப் பார்த்ததும் முன்வரிசைக்காரர்கள் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். நின்றுபோன பஸ்ஸை முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் ஒரே நேரத்தில் தள்ளுகிற மாதிரி இருக்கும் அது.

"சாமி, பந்தை முன்னாடி எறியவேண்டியதுதான? ஏன் பின்னாடியே எறியுதான்?" என்றார் மளிகைக்கடைக்காரர்.

"முன்னாடி எறியக்கூடாது அண்ணாச்சி. சட்டம்."

"அப்ப எப்படித்தான் முன்னாடி போறது?"

"பந்தைக் கக்கத்துல வச்சுக்கிட்டு ஓடணும்."

"இது எவன்லே போட்ட சட்டம்!" என்றார். ஆனால் பதினொன்றாம் நம்பர் போட்ட எங்கள் பையன், எதிரில் வந்தவனைச் சுற்றிப் போகாமல் அவன் மேலேயே ஏறி ஓடியபோது, முதலில் எழுந்து கத்தியதும் அவர்தான். காதர், "அவன் வீட்டுல என்னத்தண்ணே போட்டு வளத்தாக?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். ஜெயித்தோம். பாக்கி ஒன்று.

அந்த ஒன்றுதான் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வந்து நின்றது. மாப்பிள்ளை வீடு ஸ்ரீவில்லிபுத்தூர், மடவார் வளாகம். கல்யாண மண்டபமும் அங்கேயே பக்கத்தில். பெண் அழைப்பில் தாய்மாமன் பெண்ணுக்கு மாலை போட்டுக் கையைப் பிடித்து மண்டபத்துக்குள் கூட்டிப்போகவேண்டும். காதரின் மச்சான் ஒருவர் அங்கே கேபிள் நடத்தினார். அவர் தயவால் மண்டபத்துக்கு எதிரேயிருந்த டீக்கடையில் ஆட்டம் வரும் என்று ஏற்பாடு. சட்டைதான் சிக்கல். அக்கா எனக்கு எடுத்திருந்த பட்டுச் சட்டையை நீட்டினாள். "நாளைக்குப் பொறவு நீ எந்தச் சட்டைய வேணும்னாலும் போட்டுக்கோ. இன்னைக்குக் கறுப்பு என் கண்ணுல படக்கூடாது" என்றாள். அவள் கண்ணில் படாமல் ஜெர்சியைப் போட்டு அதற்கு மேல் பட்டுச் சட்டையைப் போட்டேன். ஹெமியின் ஜெர்சி குளிர்தேசத்துக்கு நெய்தது. ஆனி மாதப் புழுக்கத்தில், அகலமான அந்தத் துணியை மடித்துச் செருகிக்கொண்டு, கர்ப்பிணி மாதிரி டீக்கடை பெஞ்சில் காதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

எதிரணி தென்னாப்பிரிக்கா. யாரும் கோட்டைத் தாண்டிப் பந்தை வைக்கவில்லை. இரண்டு பக்கமும் உதைத்து உதைத்தே புள்ளி எடுத்தார்கள். பதினொன்றாம் நம்பர் பையனை நான்கு பேர் சேர்ந்து கீழே தள்ளிக்கொண்டே இருந்தார்கள். ஆட்டம் சமனில் முடிந்து, கூடுதல் நேரம் கொடுத்தார்கள். அதில் ஆளுக்கு ஓர் உதை, பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. அப்போதுதான் அக்கா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தாள்.

"ஏலே, கார் வந்து எம்புட்டு நேரமாச்சு! மாமன் வராம எறங்கமாட்டேன்னு மீனா உள்ளயே உக்காந்திருக்கா. சம்பந்தி மொகம் சுண்டிப்போச்சு."

"செத்த நேரம்க்கா. இப்ப முடிஞ்சிரும்."

"எப்ப?"

திரையில் எங்கள் ஆட்கள் பதினைந்து பேரும் முழங்காலில் கைவைத்து மூச்சு வாங்கினார்கள். கார் கண்ணாடிக்குள்ளிருந்து மீனா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு கடல் தாண்டி ஒருவன் நான் கடைசிவரை உட்கார்ந்திருப்பேன் என்று நம்புகிறான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி நான் எழுந்து வருவேன் என்று நம்புகிறாள். யாரையாவது ஒருவரைக் கைவிடாமல் அந்த பெஞ்சில் நான் அசையவே முடியாது. "காதரு, நீ பாத்துக்கோ" என்று எழுந்தேன். எழுந்த கணமே எங்கள் ஆள் ஒருவன் கையிலிருந்து பந்து நழுவியது. அதைப் பார்க்காத மாதிரி நடந்தேன்.

மண்டப வாசலில் நாயனக்காரர் ஊத, மாலையை மீனாவின் கழுத்துக்குத் தூக்கினேன். வியர்வையில் பட்டுச் சட்டை ஒட்டிக்கொண்டு, உள்ளிருந்த கறுப்பு அப்படியே வெளியே தெரிந்தது. சம்பந்தி உற்றுப் பார்த்தார்.

"என்னங்க இது, நல்ல நேரத்துல உள்ள கறுப்பு?"

வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். மாலை என் கையில் பாதியில் நின்றது. அக்கா எனக்கும் அவருக்கும் நடுவில் வந்தாள்.

"தம்பி மலைக்கு நேந்திருக்கான் சம்பந்தி. அந்த நாட்டுலருந்தே விரதம். மருமக கல்யாணம்னு வெளிய தெரியாம போட்டிருக்கான்."

சம்பந்தி செருப்பைக் கழற்றிவிட்டார். "சாமி சரணம்! மொதல்லயே சொல்லப்படாதா சாமி? எம்மகனுக்கும் நீங்களே திருநீறு பூசிருங்க" என்றார். மீனா மாலைக்குள் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். அப்போதுதான் கூட்டத்துக்குப் பின்னால் காதர் வந்து நின்றார். உதட்டைப் பிதுக்கினார். ஒரே ஓர் உதையில் போய்விட்டது. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தபோது போட்டோக்காரரின் வெளிச்சம் அடித்தது.

ஆலைக்குத் திரும்பிய முதல் நாள், ஜெர்சியைத் துவைத்து மடித்து ஹெமியிடம் கொடுத்தேன். அவர் கேட்பதற்கு முன்பே, கடைசிவரை பார்க்கவில்லை, பெண்ணை அழைத்துப் போகவேண்டியிருந்தது என்றேன். டீ அறையில் எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

"கல்யாணம் நல்லபடியாக நடந்ததா?" என்று கேட்டார் ஹெமி.

"நடந்தது."

"அப்படியானால் அங்கே செலவாகிவிட்டது. ஒரு சட்டையில் எத்தனை காரியத்துக்குத்தான் ராசி இருக்கும்?" என்றவர், பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு, "உட்கார். பெண்ணைக் காட்டு" என்றார். போட்டோ கைமாறிக் கைமாறிப் போனது. பெண் அழகு என்றார்கள். நீ மட்டும் ஏன் வேறு எங்கோ பார்க்கிறாய் என்றார்கள். மெஷினைப் போய்ப் பார் என்று அன்று யாரும் சொல்லவில்லை.

அதே போட்டோவை அக்கா பெரிதாக்கி இராஜபாளையத்து வீட்டின் முன்னறையில் மாட்டியிருக்கிறாள். தாய்மாமன் மாலை போடுகிற படம் அது ஒன்றுதான் விழுந்ததாம். அதில் என் இரண்டு கைகளும் மீனாவின் கழுத்தருகே இருக்கின்றன. முகம் மட்டும் கழுத்து சுளுக்கிக்கொண்டதுபோல் வாசல் பக்கம் திரும்பியிருக்கிறது. வருகிறவர்கள், "மாலையப் போட்டுக்கிட்டே சாமி எங்க பாக்காரு?" என்று கேட்பார்களாம். "அவன் ஊரப் பாக்கான்" என்று சொல்லிவிட்டு, அக்கா காபி போட எழுந்துபோவாளாம்.