திருப்பி அனுப்பிய லொறி

லொறிச் சத்தம் கேட்டால் ஏரம்பருக்குக் கை ஓடாது. மண்வெட்டியை வாய்க்காலிலேயே விட்டுவிட்டு ஒழுங்கைப் பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். லொறி போய்விடும். அதன் பின்னால் தில்லைநாதன் சைக்கிளில் வருவது போலிருக்கும். அந்த மனுசன் செத்து நாலைந்து வருடம்.

வெளிநாட்டு வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் தடை இருந்த காலத்தில், மருதனார்மடச் சந்தையில் ஏரம்பர் சொல்வதுதான் வேதம். வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டி வீட்டுக் கூரை வளையில் தொங்கவிடுவார். மற்றவர்கள் விற்று முடித்த பிறகுதான் இறக்குவார். ஒரு வருடமும் பிசகவில்லை. பிசகாத மனிதனைப் போல ஆபத்தானவன் ஊரில் வேறு யார்?

எழுபத்தேழில் ஆட்சி மாறியது. அந்த ஐப்பசியில் பக்கத்துத் தோட்டக்காரன் தில்லைநாதன், கொழும்பு வியாபாரி ஒருவரைப் பேசி, வாசலுக்கே லொறியைக் கொண்டுவந்துவிட்டான். அவன் மனைவி பராசக்தி அப்போது வீட்டில் இல்லை; கோயிலுக்குப் போயிருந்தாள். பிடிகளை இறக்கத் தொடங்கும்போது ஏரம்பர் போய் மறித்தார்.

"விசரே உனக்கு? தை பிறக்கட்டும், விலை ரெண்டு மடங்கு நிக்கும்."

"அண்ணை, புது அரசாங்கம் எல்லாத்தையும் திறந்துவிடப் போகுதாம்."

"உவை எலெக்சனுக்குச் சொல்லுறது. எங்கடை வெங்காயம் இல்லாமல் கொழும்பில கறி வைப்பினமே? லொறியை அனுப்பு."

அனுப்பினான்.

தை பிறந்ததோ இல்லையோ, கப்பலில் வெங்காயம் வந்தது, மிளகாய் வந்தது, கூடவே ரேடியோவும் நைலோன் துணியும். எல்லாம் மலிவு என்று நாடே மெச்சிக்கொண்டது. எங்கள் வெங்காயத்தைக் கேட்க நாதியில்லை. தில்லைநாதன் வீட்டு வளையில் தொங்கிய பிடிகள் முளைத்து, அழுகி, ஒவ்வொன்றாக விழுந்தன. மாசியில் அவன் தோட்டத்துப் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டான்.

"பிடிவாதக்காரன், விற்காமல் வைத்திருந்து கெட்டான்" என்று செத்தவீட்டில் ஊர் சொன்னது. ஏரம்பர் வாயைத் திறக்கவில்லை. பயம், வேறென்ன? பராசக்தியிடம் உண்மையைச் சொல்ல எத்தனையோ தரம் அவள் வீட்டு வாசல் படலைவரை போனார். ஒவ்வொரு தரமும் பங்குக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் முறை யாருக்கு என்று கேட்டுவிட்டுத் திரும்பினார். வெங்காயம் நடுவதையே விட்டார். ஆனாலும் தன் வீட்டு வெறும் வளையிலிருந்து ஏதோ விழும் சத்தம் அவருக்குக் கேட்டுக்கொண்டேயிருந்தது.

எண்பத்திரண்டு மார்கழியில் வாக்கெடுப்பு வந்தது. தேர்தல் வேண்டாம், இருக்கிற பாராளுமன்றமே இன்னும் ஆறு வருடம் இருக்கட்டுமா என்று சனத்திடமே கேட்டார்கள். வரிசையில் ஏரம்பருக்கு முன்னால் பராசக்தி நின்றாள். பட்டியலில் செத்தவர்களின் பெயரை யாரும் வெட்டியிருக்கவில்லை. மேசையிலிருந்தவர் அவள் பெயரைத் தேடிப் பிடித்தார்.

"உங்கடை அவர் காலமையே வந்து போட்டிட்டார் போல."

எவனோ தில்லைநாதன் பெயரில் கள்ள வாக்குப் போட்டிருக்கிறான். பராசக்தி கோபப்படவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"வந்தவரோ? ஆள் மெலிஞ்சு போயிருந்தவரோ?"

தன் வாக்கை எப்படிப் போட்டார் என்பதே ஏரம்பருக்கு நினைவில்லை. வெளியே ஓடிவந்து, பாடசாலை வேம்பின் கீழ் அவளை மறித்தார்.

"தங்கச்சி, அண்டைக்கு லொறியைத் திருப்பினது நான். அவன் விக்கத்தான் நிண்டவன்."

பராசக்தி விரலில் இருந்த மையைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும் அண்ணை. மூச்சு அடங்க முன்னம் சொன்னவர். உங்களோடை கோவிக்க வேண்டாம் எண்டும் சொன்னவர். நீங்களாய் வந்து ஒரு சொல்லுச் சொல்லுவியள் எண்டு அஞ்சு வருசமாப் பாத்துக்கொண்டிருந்தனான். இனி என்ரை படலைக்கு வராதையுங்கோ."