‘ஏலே’ மெல்வின்

பெரியதாழை மெல்வின் சரக்குக் கப்பலில் சமையல்காரர். பாத்திரம் கழுவும் ரெக்சனும் ஊர்க்காரன் என்பதால் சமையலறையில் ஓயாமல் “ஏலே, உப்பு போட்டியா?” “ஏலே, அடுப்பப் பாரு” என்ற சத்தம்தான். சென்னைக்காரரான இரண்டாம் அதிகாரிக்கு அது வேடிக்கையாகப் பட்டது. மெல்வினை “மிஸ்டர் ஏலே” என்று கூப்பிட ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் கப்பல் முழுக்க அதுவே பேராயிற்று. மெல்வின் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

கப்பல் லிவர்பூலில் நின்றபோது, சரக்கு இறக்க வந்த ஜோ என்ற உள்ளூர்க்காரர் சாப்பிட உட்கார்ந்தார். அவர் பேசிய இங்கிலீஷ் மெல்வினுக்குப் பிடிபடவே இல்லை. இது எந்த ஊர் இங்கிலீஷ் என்று கேட்டேவிட்டார். ஜோ சிரித்துக்கொண்டே தட்டில் இருந்த கறிக்குழம்பைக் காட்டினார்.

பிறகு நிதானமாக விளக்கினார். கறி, உருளைக்கிழங்கு, கப்பல் பிஸ்கட் போட்டு அந்தக் காலத்து மாலுமிகள் வேகவைத்த குழம்புக்கு லாப்ஸ்கௌஸ் என்று பேர். அதைத் தின்கிறவர்கள் என்று லிவர்பூல்காரர்களை ஸ்கௌஸ் என்றார்கள், இளக்காரமாக. அதுவே அவர்கள் பேச்சுக்கும் பேராகிவிட்டது.

கோபம் வரவில்லையா என்று கேட்டார் மெல்வின். இப்போது வேறு பேர் சொன்னால்தான் கோபம் வரும் என்றார் ஜோ.

அன்று சாயங்காலம் இரண்டாம் அதிகாரி வந்தார். “மிஸ்டர் ஏலே, ஒரு டீ.”

“சார், எங்கூர்ல பாசத்துக்கும் ஏலேம்போம், சண்டைக்கும் ஏலேம்போம். நீங்க எதுக்குக் கூப்பிடுதியன்னு சொல்லிட்டு டீய எடுத்துக்கிடுங்க.”

அதிகாரி டீ குடிக்காமலே போனார். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பிய பிறகு அந்தக் கப்பலிலிருந்து மெல்வினுக்கு மறுபடி அழைப்பு வரவில்லை.

மெல்வின் துறைமுகத்துக்குப் பக்கத்தில் முத்தையாபுரத்தில் ஓட்டல் திறந்தார். போர்டில் பெரிய எழுத்தில் ‘ஏலே’. இடத்துக்காரர் செந்தூர்பாண்டி அண்ணாச்சி பார்த்ததும் கொதித்துப்போனார்.

“ஏலே மெல்வினு, பெரிய மனுசங்க வந்து போற கடைக்கு ஏலேன்னா பேரு வைப்பாவ? போர்டக் கழட்டுல!”

“இப்ப நீங்களே அப்படித்தான கூப்பிட்டிய அண்ணாச்சி?” என்றாள் மெல்வினின் மனைவி இசபெல்லா.

“போர்டு இருந்தா கடை இங்கன இருக்காது.”

“அப்ப கடைய மாத்திக்கிடுதோம்” என்றார் மெல்வின். புருஷனும் பெண்டாட்டியும் போர்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, லாரிகளை நிறுத்திவிட்டு ரோட்டைக் கடந்தார்கள். எதிர்ப்பக்கம் தகரக் கொட்டகைதான் கிடைத்தது. மழைக்கு ஒழுகியது. முதலில் ஆள் வரவில்லை. பிறகு துறைமுகத்து லாரிக்காரர்கள் வந்தார்கள். சத்தம் போட்டுக் கூப்பிட வசதியான பேர் என்றார்கள்.

அண்ணாச்சி வீட்டுக்கும் இப்போது அங்கிருந்துதான் பரோட்டா போகிறது. கடைப் பேரை மட்டும் அவர் சொல்வதில்லை. “எதுத்தாப்ல வாங்கிட்டு வா” என்பார்.